நானே நிரப்ப வேண்டிய படிவம்

(பொறியியல் கல்லூரி ஒன்றில், கணினித் துறை இறுதியாண்டு மாணவர்களிடையே ஆற்றிய உரை)

அனைவருக்கும் வணக்கம். பார்வையற்ற இளைஞர்களுக்குக் கணினி கற்றுக்கொடுப்பது என் வேலை. எனக்கும் பார்வை கிடையாது. இன்னும் சில மாதங்களில் உங்களில் பலர் இணையதளங்களை உருவாக்கும் வேலைக்குப் போய்விடுவீர்கள். அதற்குள் உங்களைச் சந்தித்துவிட வேண்டும் என்றுதான், அழைப்பு வந்தவுடன் சரி என்றேன்.

நான் பட்டப்படிப்பு முடித்த வருடம் ஒரு வேலைக்கான தேர்வு அறிவிப்பு வந்தது. இணையம் வழியாக மட்டுமே விண்ணப்பிக்க முடியும். எனக்குக் கணினி தெரியும், திரையில் இருப்பதைக் குரலில் படித்துக்காட்டும் ஸ்கிரீன் ரீடர் என்ற மென்பொருளும் தெரியும். இரண்டு நாள் முயன்றும் முதல் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. கடைசி நாள் மாலை தெருமுனையில் இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போனேன். எனக்குப் பின்னால் வரிசை நின்றது. நான் சொல்லச் சொல்ல அங்கிருந்த தம்பி தட்டினார். கடவுச்சொல், ஆதார் எண், ஊனத்தின் சதவீதம் எல்லாவற்றையும் முன்பின் தெரியாதவர்கள் நடுவே உரக்கச் சொன்னேன். படிவத்தில் ‘சொல்வதை எழுதுபவர் தேவையா?’ என்று ஒரு கேள்வி இருந்திருக்கிறது. அவசரத்தில் அவர் என்னைக் கேட்காமலே ‘இல்லை’ என்று குறித்துவிட்டார். நுழைவுச்சீட்டு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இனித் திருத்த முடியாது என்றார்கள். அந்தத் தேர்வை நான் எழுதவில்லை.

அந்தத் தம்பி மேல் எனக்கு வருத்தமில்லை. என் விண்ணப்பத்தை நானே ஒருமுறை படித்துப் பார்க்க முடிந்திருந்தால் அந்தப் பிழையை அங்கேயே பிடித்திருப்பேன். அதற்கு வழி இல்லாமல் செய்தது அந்தப் படிவம்.

என்ன கோளாறு என்று கேட்பீர்கள். பெட்டிக்கு மேலே ‘தந்தை பெயர்’ என்று எழுதியிருப்பது உங்கள் கண்ணுக்குத் தெரியும். ஸ்கிரீன் ரீடரோ பக்கத்தின் நிரலைப் படிக்கிறது. அந்தப் பெயரும் பெட்டியும் நிரலில் இணைக்கப்படவில்லை என்றால் என் காதில் விழுவது ‘எடிட், பிளாங்க்’ என்ற இரண்டு சொற்கள்தான். முப்பது பெட்டிகள் இருந்தால் முப்பது முறையும் அதேதான். இணைப்பதற்கு ஒரு லேபிள் போதும், ஒரு வரி வேலை. வெப்எய்ம் என்ற அமெரிக்க அமைப்பு ஆண்டுதோறும் பத்து லட்சம் இணையதளங்களின் முகப்பைச் சோதிக்கிறது. 2025-இல் 94.8 சதவீத முகப்புகளில் அணுகல் பிழைகள், அதாவது மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தத் தடையாகும் பிழைகள், இருந்தன. அடிக்கடி தென்படும் பிழைகளில் இந்த லேபிள் இல்லாமையும் ஒன்று.

பிறந்த தேதிக்கு நாட்காட்டி வைக்கிறீர்கள். மவுஸ் இல்லாமல் அது திறப்பதில்லை. தேதியைத் தட்டச்சு செய்யவாவது விடுங்கள். விடுபட்ட கட்டங்களைச் சிவப்பு நிறத்தில் மட்டும் காட்டுகிறீர்கள். எனக்கு நிறம் கேட்காது. எந்தக் கட்டம், என்ன தவறு என்று எழுத்தில் சொல்லுங்கள். விண்ணப்பிப்பது மனிதர்தானா என்று சோதிக்கும் கேப்ட்சா படம் வருகிறது, ஒலி வடிவம் இருப்பதில்லை. தட்டுத்தடுமாறிக் கடைசிப் பக்கத்துக்கு வந்து சேரும்போது நேரம் முடிந்ததென்று எல்லாம் அழிந்துபோகிறது. நேரம் முடியுமுன் எச்சரித்து, குறைந்தது 20 வினாடி அவகாசம் தந்து, ஒரு பொத்தானை அழுத்தி நீட்டித்துக்கொள்ள விடலாம் என்று, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் அணுகல் நெறிமுறையே வழி காட்டுகிறது.

தமிழுக்கென்றே தனித் தொல்லைகளும் உண்டு. வேலை அறிவிப்பைத் தாளில் அச்சிட்டு, ஸ்கேன் செய்து, படமாக ஏற்றிவிடுகிறார்கள். ஸ்கிரீன் ரீடருக்கு அது வெற்றுத் தாள். எல்லா மொழிகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான ஒருங்குறி (யூனிகோட்) அல்லாத பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பு பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக ஒலிக்கும். பக்கத்தின் மொழி தமிழ் என்று நிரலில் குறிக்காவிட்டால், சில கணினிகளில் ஆங்கிலக் குரல் தமிழ் வரிகளைத் தாண்டிப் போய்விடுகிறது. தன் தாய்மொழியில் வந்த அறிவிப்பை ஒரு பட்டதாரி படிக்க முடியாமல் உட்கார்ந்திருப்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன். எனக்கு மிகவும் கோபம் வருவது அப்போதுதான்.

நான் என் குறையை மட்டும் பேசிவிட்டுப் போகக் கூடாது. கை நடுங்குபவரால் கேப்ட்சாவில் வரும் படத்துண்டை இழுத்துப் பொருத்த முடியாது. காது கேளாதவருக்கு ‘சந்தேகமிருந்தால் அழையுங்கள்’ என்று தொலைபேசி எண் மட்டும் கொடுத்தால் அவர் என்ன செய்வார்? அமில வீச்சில் முகமும் கண்ணும் சிதைந்த ஒரு பெண்ணிடம், வங்கிக் கணக்கு தொடங்க கேமராவைப் பார்த்துக் கண் சிமிட்டச் சொன்னார்கள். அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. நீதிபதிகள் பர்திவாலாவும் மகாதேவனும் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பளித்தார்கள். டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றார்கள்.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு வேலைகளில் மாற்றுத்திறனாளிகளான எங்கள் எல்லோருக்கும் சேர்த்துக் குறைந்தது 4 சதவீதம் ஒதுக்குகிறது. அந்த இடத்துக்கு விண்ணப்பிக்கும் படிவத்தையே நிரப்ப முடியாவிட்டால் ஒதுக்கீடு எங்களிடம் எப்படி வந்து சேரும்? சட்டத்தின்கீழ் 2017-இல் வந்த விதி, அணுகல் தரங்களை வெறும் பரிந்துரைபோல வைத்திருந்தது. அது செல்லாது, கட்டாயமான தரங்களை வகுக்க வேண்டும் என்று 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் கூறியது. ஆகவே நாளை உங்கள் மேலாளர் ‘அதெல்லாம் அடுத்த பதிப்பில் பார்க்கலாம்’ என்று சொன்னால், இந்தத் தேதிகளை அவரிடம் சொல்லுங்கள்.

என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடர் இலவசம். 2006-இல் ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற ஒருவர் தொடங்கிவைத்தது அது. உங்கள் ஆய்வகக் கணினிகளில் காலையிலேயே நிறுவச் சொல்லியிருந்தேன். இப்போது என் மாணவர்கள் மூன்று பேர் அங்கே போகிறார்கள். உங்கள் துறையில் போன வாரம் நீங்கள் உருவாக்கிய வேலைவாய்ப்புப் பதிவுப் படிவத்தை அவர்கள் நிரப்புவார்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். எங்கே நிற்கிறார்கள், எத்தனை முறை திரும்பி வருகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் நிரப்பி முடிக்கும்வரை தயவுசெய்து யாரும் உதவ வேண்டாம்.