விலை கூடிய நைலான் தந்தி வாங்கலாமா?

நேயர்களுக்கு வணக்கம். கிளாசிகல் கிட்டார் சொல்லிக்கொடுப்பவன் என்பதால் என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி ஒன்று உண்டு. கேட்பவர்கள் பெரும்பாலும் பெற்றோர்கள். "சார், 300 ரூபாய்க்கும் ஸ்ட்ரிங் செட் இருக்கு, 2,000 ரூபாய்க்கும் இருக்கு. பொண்ணுக்கு எதை வாங்கிப் போடுறது?" மாதச் சம்பளத்தில் பாட்டு வகுப்புக்கும் பணம் ஒதுக்குகிற வீடுகளில் இது சின்னக் கேள்வி இல்லை. இதைப் பற்றிப் பேச வானொலி நிலையத்தார் அழைத்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆக மலிவான செட் வேண்டாம். பெயர் தெரிந்த கம்பெனியின் சாதாரண செட், அதாவது ஆயிரம் ரூபாயை ஒட்டி விற்கிறதே, அது போதும். அதற்கு மேல் செலவழிக்கக் கையில் பணம் இருந்தால், தந்தியை இன்னும் சீக்கிரம் மாற்றுவதற்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. காரணம் புரிய வேண்டுமானால் நைலான் கிட்டாருக்கு வந்த வழியைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

1940 வரைக்கும் கிட்டாரில் நைலான் கிடையாது. மேல் சுருதி தரும் முதல் மூன்று தந்திகள் ஆட்டுக் குடலைத் திரித்துச் செய்தவை. நான்கு, ஐந்து, ஆறு ஆகிய கீழ் சுருதித் தந்திகளில், அதாவது பேஸ் தந்திகளில், பட்டு நூலின் மேல் மெல்லிய உலோகக் கம்பி சுற்றியிருக்கும். குடல் தந்தியின் நாதம் இனிமையானது. ஆனால் வியர்வை பட்டால் பிரியும், ஈரக்காற்றில் சுருதி விலகும், கச்சேரி நடுவில் அறுந்தும் போகும். இரண்டாம் உலகப் போர் வந்ததும் காயத்துக்குத் தையல் போடக் குடல் நூல் தேவைப்பட்டதால் இசைக்காரர்களுக்குக் கிடைப்பதே அரிதாகிவிட்டது.

அந்தச் சமயத்தில் நியூயார்க்கில் கிட்டார் செய்துகொண்டிருந்த ஆல்பர்ட் அகஸ்டின், அந்த நகரின் கிரீனிச் வில்லேஜ் பகுதியில் ராணுவ உபரிப் பொருட்கள் விற்கும் ஒரு கடையில் நைலான் இழையைக் கண்டார். நைலான் டூபான்ட் கம்பெனி 1935-ல் உருவாக்கிய பொருள். 1938-ல் பல் தேய்க்கும் பிரஷ்ஷிலும், 1940-ல் பெண்களின் காலுறையிலும் கடைக்கு வந்தது. அதைக் கிட்டாரில் கட்டினால் கலைஞர்கள் ஏற்பார்கள் என்று டூபான்ட்காரர்களுக்கே நம்பிக்கை இல்லையாம். அகஸ்டின் என்ன செய்தார் என்றால், எந்தக் கிட்டாரில் எந்தத் தந்தி என்று தெரியாதபடி அவர்களைக் கேட்க வைத்தார். கம்பெனிக்காரர்கள் நல்ல கிட்டார் ஒலி என்று தேர்ந்தெடுத்தது நைலானை. அவருடைய மனைவி ரோஸ் அகஸ்டின் பிற்பாடு சொன்ன செய்தி இது. ஸ்பெயினின் கிட்டார் மேதை ஆந்த்ரேஸ் செகோவியா அந்தத் தந்தியைக் கையில் எடுத்ததும் உலகம் முழுக்க நைலானுக்கு மாறிவிட்டது.

அந்தச் சோதனையை நான் இன்றும் எல்லாருக்கும் பரிந்துரைக்கிறேன். பெட்டியின் மேல் இருக்கும் பெயரும் விலையும் நம் காதைத் திருப்பிவிடும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால்தான் காது காதாக வேலை செய்யும்.

சரி, காசு எங்கே போகிறது? முதல் மூன்று தந்திகளை எடுத்துக்கொள்வோம். இவை ஒற்றை நைலான் இழை, அவ்வளவுதான். முதல் தந்தியின் தடிமன் சுமார் 0.7 மில்லிமீட்டர், மூன்றாவது சுமார் 1 மில்லிமீட்டர். உருக்கி இழுத்துச் செய்யும் இழை என்பதால் ஓரிடத்தில் ஒரு மயிரிழை தடித்தும், இன்னோரிடத்தில் மெலிந்தும் வந்துவிட வாய்ப்பு உண்டு. பார்த்தால் தெரியாது, விரலால் தடவினாலும் தெரியாது. ஆனால் சுருதியில் தெரிந்துவிடும். திறந்த தந்தி சரியாக இருக்கும், ஐந்தாம் ஃப்ரெட்டில், அதாவது கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் ஐந்தாவது உலோகக் கட்டையில், கொஞ்சம் ஏறியிருக்கும், பன்னிரண்டில் இன்னும் விலகும். பெயர் பெற்ற கம்பெனிகள் இழையை லேசர் கொண்டு அளந்து, சீராக இல்லாததைக் கழித்துவிடுகின்றன. சிலர் இழையைச் சாணை பிடித்ததுபோல் தேய்த்து ஒரே தடிமனுக்குக் கொண்டுவருகிறார்கள். 300 ரூபாய் செட்டுக்கும் 1,000 ரூபாய் செட்டுக்கும் இடையே நாம் கூடுதலாகக் கொடுக்கும் பணம் இந்தக் கழித்தலுக்குத்தான் போகிறது. அது கொடுக்க வேண்டிய பணம்.

இதை நான் அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. பத்து வயதுக் குழந்தைக்குத் தந்தி கோணலா, தன் விரல் கோணலா என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. சொன்ன இடத்தில்தான் விரலை வைத்திருக்கும், ஸ்வரம் விலகிக் கேட்கும். உடனே தனக்குக் காது இல்லை, தனக்கு வராது என்று முடிவுகட்டிவிடும். இன்னும் மோசம், அந்த விலகிய சுருதியையே சரி என்று பழகிக்கொள்ளும். பிறகு அதைத் திருத்துவது பெரும்பாடு. ஆகவே மலிவுச் செட்டைக் குழந்தைகளுக்கு வாங்காதீர்கள். பெரியவர்கள் சமாளித்துக்கொள்வார்கள், குழந்தைகளால் முடியாது.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். புதுத் தந்தி இழுவை நின்று நிலைத்த பிறகு, பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு நேர் மேலே விரலை அழுத்தாமல் தொட்டு மீட்டுங்கள். மணி மாதிரி ஒலி வரும். அதை ஃபோனில் இருக்கும், சுருதி காட்டும் ட்யூனரில் பாருங்கள். அப்புறம் அதே இடத்தில் அழுத்திப் பிடித்து மீட்டுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரே ஒரு தந்தி மட்டும் விலகினால் தந்தி கோணல். ஆறும் ஒரே மாதிரி விலகினால் கிட்டாரைத்தான் பழுது பார்க்க வேண்டும். ஐரோப்பாவில் அந்தக் காலத்தில் ல்யூட் என்ற தந்தி வாத்தியம் வாசித்தவர்களிடம் இதைவிட அழகான வழி இருந்தது. கட்டுவதற்கு முன்பே தந்தியை இரண்டு கையிலும் விறைப்பாகப் பிடித்து ஒரு விரலால் சுண்டுவார்கள். அதிர்வு தெளிவான இரண்டு கோடுகளாகத் தெரிந்தால் நல்ல தந்தி. இடையே மூன்றாவது, நான்காவது கோடுகள் கலங்கித் தெரிந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். நைலானுக்கும் இது பொருந்தும், வெளிச்சத்தில் செய்து பாருங்கள்.

விலை கூடிய செட்டுக்கு நான் மனமார ஒப்புதல் தருகிற இடம் ஒன்று உண்டு, அது மூன்றாம் தந்தி. கிளாசிகல் கிட்டார் வாசிக்கும் எல்லாருக்கும் இந்தத் தொல்லை தெரியும். நைலானில் மூன்றாம் தந்தி தடியாக இருப்பதால் ஒலி அமுங்கிக் கேட்கும், மேலே ஏற ஏறக் கார்வையே நிற்காது. இதற்கு மாற்றாகக் கார்பன் என்று விற்கும் தந்தி இருக்கிறது. பெயர்தான் கார்பன், பொருள் ஃப்ளூரோகார்பன் என்ற பிளாஸ்டிக், தூண்டில் நரம்பாகவும் பயன்படுவது. நைலானைவிட அடர்த்தி அதிகம் என்பதால், அதே சுருதிக்கு மெல்லிய இழையே போதும். ஒலி பளிச்சென்று வெளியே வரும். பிரான்ஸின் சவாரெஸ் கம்பெனியின் அலையன்ஸ் தந்தி இந்த வகை. மூன்றையும் கார்பனாகப் போட்டால் சில கிட்டார்களில் முதல் தந்தி கீச்சென்று ஆகிவிடும். முதல் இரண்டும் நைலான், மூன்றாவது மட்டும் கார்பன் என்று போட்டுப் பாருங்கள். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு அது. அப்படிக் கலந்து வரும் செட்டும் கிடைக்கிறது, தந்தியைத் தனியாகவும் வாங்கலாம். டைட்டானியம், கறுப்பு நைலான் என்று வேறு பலவும் உண்டு. அவையெல்லாம் அவரவர் ருசி, விலைக்கும் தரத்துக்கும் சம்பந்தம் தேடாதீர்கள்.

இனி பேஸ் தந்திகள். பணம் கரைவது இங்கேதான். நான்கு, ஐந்து, ஆறு மூன்றுக்கும் உள்ளே நூற்றுக்கணக்கான மெல்லிய நைலான் நூல்கள் கற்றையாக இருக்கும். அதன் மேல் வெள்ளி முலாம் பூசிய செம்புக் கம்பியை நெருக்கமாகச் சுற்றியிருப்பார்கள். புதிதாகக் கட்டிய அன்று ஒலி கணீரென்று இருக்கும். அப்புறம் விரல் வியர்வையும் எண்ணெயும் அந்தச் சுற்றுகளுக்கு இடையே இறங்கும், முலாம் போகும், செம்பு கறுக்கும். ஒலி மெல்ல மெல்ல மங்கி டொப்பென்று ஆகிவிடும். தினமும் வாசிக்கும் ஒருவரிடம் ஒரு மாதம், ஒன்றரை மாதம் தாக்குப்பிடித்தால் பெரிய விஷயம். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களின் புழுக்கத்தில், கை வியர்க்கும் பிள்ளைகளிடம் இரண்டு வாரத்திலேயே கறுத்துவிடும்.

உங்கள் வீட்டுக் கிட்டாரின் நான்காம் தந்தியைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு, இரண்டாம் ஃப்ரெட் படும் இடத்தில் அடிப்பக்கத்தை நகத்தால் நெருடிப் பாருங்கள். சின்னப் பள்ளம் தட்டுப்படும். ஃப்ரெட்டின் மேல் அழுந்தி அழுந்திக் கம்பிச் சுற்று தட்டையாகத் தேய்ந்திருக்கும். இன்னும் சில நாள் விட்டால் சுற்று பிரிந்து உள்ளே வெள்ளை நூல் தெரியும், பிறகு அறுந்துவிடும். பேஸ் தந்திகளில் முதலில் அறுவது பெரும்பாலும் நான்காவதுதான். சுற்றிய கம்பி மூன்றிலும் அதில்தான் மெல்லியது.

விலை கூடிய பேஸ் தந்தி இதிலிருந்து தப்புமா? தப்பாது. முதல் வாரத்தில் அதன் நாதத்தில் ஒரு செழுமை இருக்கும், நல்ல கிட்டாரில் அதை நன்றாகவே உணரலாம். ஆனால் வியர்வைக்கு 2,000 ரூபாய்த் தந்தியும் 1,000 ரூபாய்த் தந்தியும் ஒன்றுதான். இரண்டு மாதம் ஆன விலை கூடிய பேஸ் தந்தியைவிட, நேற்றுக் கட்டிய சாதாரணத் தந்தி எவ்வளவோ நன்றாக ஒலிக்கும். 2,000 ரூபாய் கொடுத்தவர் மனம் வராமல் அதையே ஆறு மாதம் கட்டி வைத்திருப்பதையும் பார்க்கிறேன். அது வருத்தமாக இருக்கிறது.

முதல் மூன்று தந்திகள் அவ்வளவு சீக்கிரம் கெடுவதில்லை. நகம் பட்டுச் சொரசொரப்பாகும் வரை பல மாதங்கள் ஓடும். ஆகவே பேஸ் மூன்றை மட்டும் இரண்டு தடவை மாற்றி, மூன்றாவது தடவை முழு செட்டாக மாற்றுங்கள். பேஸ் தந்திகள் மூன்று மட்டும் அடங்கிய பாக்கெட் தனியாக வருகிறது, கடையில் கேட்டுப் பாருங்கள். வாசித்து முடித்ததும் பழைய பருத்தித் துணியால் தந்தியை அடிப்பக்கமும் சேர்த்துத் துடைத்துவிட்டால் ஆயுள் இன்னும் கொஞ்சம் நீளும்.

நார்மல், ஹார்ட் என்று பாக்கெட்டில் எழுதியிருப்பது தரத்தை அல்ல, இழுவிசையை. ஹார்ட் என்றால் உயர்ந்த ரகம் என்று நினைத்து வாங்கிவிடுகிறார்கள். அகஸ்டின் பாக்கெட்டில் கறுப்பு, சிவப்பு, நீலம் என்று வரும் நிறங்களும் அப்படித்தான், கறுப்பில் இழுவிசை குறைவு, நீலத்தில் அதிகம். நார்மல் செட் ஒன்றின் ஆறு தந்திகளும் சேர்ந்து கிட்டாரைக் கிட்டத்தட்ட 40 கிலோ விசையில் இழுக்கின்றன. குழந்தைகளுக்கும் பழைய கிட்டார்களுக்கும் நார்மலே போதும். ஸ்டீல் தந்தியை மட்டும் எக்காரணம் கொண்டும் கிளாசிகல் கிட்டாரில் கட்டாதீர்கள். இழுவிசை ஏறக்குறைய இரு மடங்கு, மேல்பலகையில் தந்தியைக் கட்டும் பிரிட்ஜ் பெயர்ந்து வந்துவிடும்.

உங்கள் கிட்டாரின் மேல்பலகை ப்ளைவுட்டா, ஒரே மரத்தில் இழைத்த சிடார் அல்லது ஸ்ப்ரூஸா என்பதையும் பாருங்கள். ப்ளைவுட் பலகை அதிர்வதற்கு ஒரு எல்லை உண்டு. அதில் ஹன்னபாக், சவாரெஸ் என்று உயர்ந்த தந்தி எதைப் போட்டாலும், அதன் அருமையில் பாதிகூட வெளியே வராது. நல்ல மரக் கிட்டார் வைத்திருப்பவர், ஒலிப்பதிவுக்கோ மேடைக்கோ போகிறவர், அவர் தாராளமாக விலை கூடியதை வாங்கட்டும். நானே கச்சேரிக்கு முந்தின வாரம் அப்படித்தான் செய்வேன். மேடையில் ஒரு மணி நேரம் கிடைக்கும் அந்தச் செழுமைக்காகப் பணம் கொடுப்பதில் தவறே இல்லை.

கட்டும் முறையைப் பற்றி ஒரு வார்த்தை. நைலான் வழுக்கும், கார்பன் அதைவிட வழுக்கும். பிரிட்ஜில் முதல் தந்தியைக் கட்டும்போது வாலை ஒரு சுற்று மட்டும் நுழைத்து விட்டுவிட்டால், சுருதி ஏற்றும்போது முடிச்சு உருவிக்கொண்டு, தந்தியின் நுனி பிரிட்ஜுக்குப் பின்னால் உள்ள பலகையில் சாட்டையடி மாதிரி விழும். அந்தத் தழும்பு பிறகு போகாது. ஆகவே முதல் மூன்றுக்கும் வாலை மூன்று சுற்று நுழையுங்கள், கடைசிச் சுற்று பிரிட்ஜின் பின் விளிம்பைத் தாண்டி அடங்கியிருக்கட்டும். நுனியைத் தீக்குச்சியில் காட்டிச் சின்ன உருண்டையாக்கிக்கொண்டால் இன்னும் பத்திரம், ஆனால் அதைக் கிட்டாரில் கட்டுவதற்கு முன்பே செய்துவிடுங்கள். பிள்ளைகளைத் தனியாகச் செய்ய விடாதீர்கள், தீயும் மரமும் பக்கத்தில் இருக்கின்றன.

புது நைலான் மூன்று நான்கு நாள் இழுபட்டுக்கொண்டேதான் இருக்கும். எவ்வளவு விலை கொடுத்தாலும் இது மாறாது. தேர்வுக்கோ மேடைக்கோ முந்தின நாள் இரவு மாற்றிவிட்டு, சுருதி நிற்கவில்லையே என்று தந்தியைக் குறை சொல்வதில் பயன் இல்லை. ஒரு வாரம் முன்னாலேயே மாற்றுங்கள். தந்திகளை ஒவ்வொன்றாகக் கழற்றி ஒவ்வொன்றாகக் கட்டுங்கள். தினமும் காலையும் மாலையும் சுருதி ஏற்றி வைத்தால், ஐந்தாம் நாள் கிட்டார் தானாகச் சுருதியில் நின்றுவிடும்.

நன்றி, வணக்கம்.