கடைசி மூன்று நிமிடங்கள்: பார்சிலோனா 1999, லே மான்ஸ் 2016

வணக்கம் நண்பர்களே. இன்றைய காணொளியில் இரண்டு வெற்றிகளைப் பற்றிப் பேசவிருக்கிறேன். ஒன்று 90 நிமிடக் கால்பந்து ஆட்டம். மற்றொன்று, ஓட்டுநர்கள் ஒரே காரை மாறி மாறி ஓட்டும், பிரான்சின் லே மான்ஸ் 24 மணி நேரக் கார் பந்தயம். இரண்டின் முடிவும் ஏறத்தாழ கடைசி மூன்று நிமிடங்களில் மாறியது. வென்றவர்களைப் பற்றி நிறையவே பேசப்பட்டுவிட்டது என்பதால், கையில் இருந்ததைத் தவறவிட்டவர்கள் பக்கம் நின்று இவற்றைப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் 1999 மே 26, பார்சிலோனாவின் கேம்ப் நூ மைதானம். ஐரோப்பியக் கழகங்களுக்கான சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட்டும் ஜெர்மனியின் பேயர்ன் மியூனிக்கும் மோதின. அரையிறுதியில் மஞ்சள் அட்டை பெற்றதால் இந்த ஆட்டத்தில் ஆடத் தடை பெற்ற ராய் கீனும் பால் ஸ்கோல்ஸும் இல்லாததால், பெக்கமை நடுக்களத்துக்கு மாற்றி அணியை அமைத்திருந்தார் யுனைடெட்டின் மேலாளர் அலெக்ஸ் ஃபெர்குசன். ஆறாவது நிமிடத்திலேயே பேயர்னின் மாரியோ பாஸ்லர் ஃப்ரீ கிக்கில் கோல் அடித்துவிட்டார். அதன் பின் யுனைடெட் பந்தை அதிகம் வைத்திருந்தாலும், கோல் வாய்ப்புகள் பேயர்னுக்கே கூடுதலாகக் கிடைத்தன. மெஹ்மெட் ஷோல் உதைத்த பந்து கம்பத்திலும், கார்ஸ்டன் யான்கர் தலைக்கு மேலாகத் திருப்பி உதைத்த பந்து குறுக்குக் கம்பத்திலும் பட்டுத் திரும்பின.

80-வது நிமிடத்தில் பேயர்ன், லோத்தர் மத்தேயஸை வெளியே அழைத்துக்கொண்டு தோர்ஸ்டன் ஃபிங்கை இறக்கியது. மத்தேயஸுக்கு அப்போது 38 வயது என்பதால் முடிவில் தவறு காண முடியாது. ஆனால் கூடுதல் நேரமாக மூன்று நிமிடங்கள் அறிவிக்கப்பட்ட பின், பெக்கம் அடித்த கார்னரைச் சரியாக வெளியேற்ற முடியாமல் அரைகுறையாக உதைத்தவர் அதே ஃபிங்க்தான். பந்து ரயன் கிக்ஸிடம் வந்தது. அவர் உதைத்ததை டெடி ஷெரிங்கம் வலைக்குள் திருப்பினார். அந்தக் கார்னருக்காக யுனைடெட்டின் கோல்கீப்பர் பீட்டர் ஷ்மைக்கேலே எதிரணியின் கோல் பகுதிக்கு ஓடி வந்திருந்தார். சிறிது நேரத்தில் மற்றொரு கார்னர்; ஷெரிங்கம் தலையால் முட்டிய பந்தை ஓலே குன்னர் சோல்ஷயர் கால் நீட்டி உள்ளே தள்ள, ஆட்டம் 2–1 ஆனது. பேயர்னின் சாமுவேல் குஃபூர் தரையைக் கையால் அறைந்தபடி அழுதார். ஐரோப்பியக் கால்பந்துச் சங்கத்தின் தலைவர் லெனார்ட் யோஹான்சன், பேயர்ன் 1–0 என முன்னிலையில் இருந்தபோது கோப்பையை வழங்குவதற்காக லிஃப்டில் இறங்கிவந்தவர், வென்றவர்கள் அழுகிறார்களே, தோற்றவர்கள் ஆடுகிறார்களே என்று குழம்பிப் போனாராம்.

லே மான்ஸ் இதைவிடக் கொடுமையானது. 2016 ஜூன் 19 பிற்பகல், டொயோட்டாவின் 5-ஆம் எண் கார் முதலிடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. 1985 முதல் அங்கே முயன்று, பலமுறை இரண்டாம் இடத்தோடு திரும்பிய நிறுவனம் அது. இதே 1999-இல், கேம்ப் நூ ஆட்டத்துக்கு மூன்று வாரங்கள்கூட ஆகாத நிலையில், பிஎம்டபிள்யூவைத் துரத்திக்கொண்டிருந்த டொயோட்டாவின் டயர் கடைசி மணி நேரத்தில் வெடித்திருந்தது என்பதையும் நினைவில் வையுங்கள். இம்முறை ஓட்டுநர் இருக்கையில் கசுகி நகாஜிமா. டர்போவையும் இன்டர்கூலரையும் இணைக்கும் காற்றுக் குழாயின் இணைப்பில் ஏற்பட்ட கோளாறால் இன்ஜின் வலுவிழந்தது. மூன்று நிமிடங்களுக்குச் சற்று அதிகமாக மீதமிருக்கையில், சொந்த அணியின் பிட் (காரைப் பழுதுபார்க்கும் இடம்) எதிரிலேயே கார் நின்றது. நீல் யானி ஓட்டிய போர்ஷே அதைக் கடந்து சென்று வென்றது.

கால்பந்தில் தோற்றவர்களுக்கு வெள்ளிப் பதக்கமாவது கிடைக்கும். நகாஜிமா காரை மீண்டும் உயிர்ப்பித்து, ஊர்ந்தபடி கடைசிச் சுற்றை முடித்தார். ஆனால் அந்தச் சுற்றை ஆறு நிமிடங்களுக்குள் முடிக்க வேண்டும் என்ற விதி இருந்ததால், ஏறத்தாழ 24 மணி நேரம் ஓடிய அந்தக் காருக்கு முடிவுப் பட்டியலில் இடமே இல்லை. அவ்விதி எனக்கு இன்றும் நியாயமாகத் தோன்றவில்லை.

இரு அணிகளும் இரண்டே ஆண்டுகளில் மீண்டன. 2001-இல் பேயர்ன் காலிறுதியில் யுனைடெட்டையே வீழ்த்தி, மிலானில் வலென்சியாவுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் ஆலிவர் கானின் பெனால்டித் தடுப்புகளால் கோப்பையை வென்றது. குஃபூரும் அதில் ஆடினார். 2018-இல் டொயோட்டா முதன்முறையாக லே மான்ஸை வென்றபோது, காரை எல்லைக்கோட்டைத் தாண்டிக் கொண்டுவந்தவர் நகாஜிமா.

ஆனால் எல்லோருக்கும் அந்த இரண்டாம் வாய்ப்பு வாய்க்கவில்லை. மத்தேயஸ் 1987 இறுதியிலும் போர்டோவிடம் தோற்ற பேயர்ன் அணியில் இருந்தவர். 2000-இல் அவர் விலகிச் சென்ற மறு ஆண்டுதான் கோப்பை வந்தது. டொயோட்டாவில் அதே நிலை அந்தனி டேவிட்சனுக்கு. 2012 லே மான்ஸில் அவரது கார் அந்தரத்தில் புரண்டு, அவருக்கு முதுகெலும்பில் முறிவு ஏற்பட்டது. அதிலிருந்து மீண்டு 2014-இல் நெடுநேரக் கார் பந்தயங்களின் உலகச் சாம்பியனான டேவிட்சன், 2016-இல் நகாஜிமாவுடன் அந்த 5-ஆம் எண் காரைப் பகிர்ந்துகொண்டவர். 2018-இல் அவருடைய இருக்கை ஃபெர்னாண்டோ அலோன்சோவுக்குச் சென்றது. அலோன்சோ அந்த இரவில் ஓட்டிய விதத்தைப் பார்த்தவர்கள் டொயோட்டாவின் தேர்வைக் குறைகூற மாட்டார்கள், நானும் கூறவில்லை. இருந்தாலும், 2016-ஐப் பற்றிப் பேசும்போதெல்லாம் நகாஜிமாவின் பெயர் மட்டுமே அடிபடுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. அன்று அதிகம் இழந்தவர் டேவிட்சன்தான்.