நாலு மணிப் பூ ஏன் நாலு மணிக்குப் பூக்கல?

வணக்கம் மக்களே! மலேசியாவுல சுங்கை சிப்புட்ல இருந்து பேசுறேன். மணி இப்ப நாலு பத்து. பின்னால பாருங்க, பாட்டி வீட்டு வேலியோரம். மொட்டெல்லாம் திரி மாதிரி முறுக்கிக்கிட்டு நிக்குது. ஒண்ணுகூட விரியல. ஆனா இதுக்கு மலாய்ல பேரு 'புங்கா புக்குல் எம்பாட்', அதாவது நாலு மணிப் பூ! இங்கிலீஷ்லயும் அதே, மலையாளத்துலயும் அதே நாலுமணிப்பூதான்.

நம்ம ஆளுங்க அந்திமந்தாரைன்னு சொல்லிட்டாங்க. அந்தி சரி. மந்தாரை? அது நடுவுல பிளந்த இலை உள்ள மரமாச்சே. இதுக்கும் அதுக்கும் ஒட்டுமில்ல, உறவுமில்ல. அமெரிக்கக் கண்டத்துல இருந்து வந்த செடிக்கு நம்ம வீட்டுப் பேரை இரவல் குடுத்துட்டோம், அவ்ளோதான். தாவரவியலாளர் லின்னேயஸ் 1753ல வச்ச பேரு 'மிராபிலிஸ் ஜலாபா'. மிராபிலிஸ்னா லத்தீன்ல அதிசயம். ஜலாபா மெக்சிகோவுல ஒரு ஊரு. ஹாலபேனோ மிளகாய்க்கும் அந்த ஊரு பேருதான், தெரியுமா?

சரி, பூ ஏன் லேட்டு? பாட்டிகிட்ட கேட்டேன். "கடியாரத்தத் தள்ளி வச்சது அவனுங்க, பூவ ஏன்டா கொறை சொல்ற?"ன்னாங்க. சிரிச்சேன். அப்புறம் கணக்குப் போட்டா, பாட்டி சொன்னது சரிதான் லா!

1982 ஜனவரி 1ல, கிழக்கு மலேசியாவுல இருக்கற சபா, சரவாக் நேரத்தோட ஒண்ணா இருக்கட்டும்னு, நாம இருக்கற தீபகற்ப மலேசியாவுல கடிகாரத்தை அரை மணி முன்னால தள்ளினாங்க. அதுக்கு முன்னயே நம்ம கடிகாரம் சூரியனை முந்திக்கிட்டுதான் ஓடுச்சு. சுங்கை சிப்புட் இருக்கறது 101 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில. 15 பாகைக்கு ஒரு மணி நேரம்னா, தீர்க்கரேகை ஆரம்பிக்கற இங்கிலாந்து கிரீன்விச்சுக்கு 6 மணி 44 நிமிஷம் முன்னால இருக்கணும். நாம வச்சிருக்கறது 8 மணி. ஒண்ணேகால் மணி நேரம் கூடுதல்! அதான் இங்க உச்சி வெயிலே ஒண்ணேகால் மணிவாக்குலதான். சூரியனோட நாலு மணின்னா, நம்ம சுவர்க் கடிகாரத்துல அஞ்சேகால். மூட்டம் போட்ட நாள்ல கொஞ்சம் முன்னயே விரியும், அது வேற கதை.

டவுன்ல மளிகைக் கடை தவுக்கேவோட, அதாவது சீன முதலாளியோட, அம்மா இதைச் சீனத்துல 'ஜூ ஃபான் ஹுவா'ம்பாங்க. சோறாக்குற பூ! எனக்கு இந்தப் பேருதான் ரொம்பப் பிடிக்கும். கடிகாரத்தை யாரு எப்படித் தள்ளினாலும் பசி தள்ளிப் போகாதுல்ல.

கேமராவை இப்படியே விட்டுட்டு டீ குடிச்சிட்டு வர்றேன்...

வந்துட்டேன். அஞ்சு இருபத்திரண்டு. ஏழு பூ! ஒரே செடியில மஞ்சளும் ரோஸும். வாசனைதான் மைக்ல ஏறாது. இருங்க, பாட்டி அரிசி களையக் கூப்பிடுறாங்க.