இந்தி ஒன்று, இந்தி ரெண்டு

(திருப்பூரில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, ஷிப்ட் முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் வந்து உட்கார்ந்திருக்கும் தோழர்களே,

என் அப்பா பம்பாயில் குமாஸ்தாவாக இருந்தவர். மாட்டுங்காவில் ஒரே அறையில் ஆறு பேர். அங்கே 1966 ஜூனில் சிவசேனை பிறந்தது. அதைத் தொடங்கிய பால் தாக்கரே அதற்கு முன்பே 'மார்மிக்' என்று ஒரு வாரப் பத்திரிகை நடத்தி வந்தார். டெலிபோன் டைரக்டரியைப் புரட்டி, கம்பெனிகளில் அதிகாரிகளாக இருந்த தென்னிந்தியர்களின் பெயர்களை அதில் வரிசையாக அச்சடித்தார்கள். திட்ட வேண்டியதே இல்லை, பட்டியலே போதும். தலைப்பு: 'படியுங்கள், சும்மா இருங்கள்'. பிறகு அது 'படியுங்கள், எழுந்திருங்கள்' என்று மாறியது.

எழுந்தார்கள். உடுப்பி ஓட்டல்கள் மேல் கல் விழுந்தது. நம் பேச்சுக்கு 'யண்டு குண்டு' என்று பெயர் வைத்தார்கள், நம் லுங்கிக்கு ஒரு கோஷம் கட்டினார்கள். அப்பா மின்சார ரயிலில் தமிழ் பேசுவதை நிறுத்தினார். வேட்டி ஞாயிற்றுக்கிழமை மட்டும், அதுவும் அறைக்குள். "நமக்குப் போன் வாங்க வக்கில்லை, அதனால் பட்டியலில் பேர் வரலை" என்று பின்னாளில் சொல்லிச் சிரிப்பார். எனக்கு அந்தச் சிரிப்பு பிடித்ததே இல்லை.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு நம் ஆட்களை வெள்ளைக்காரன் காலத்தில் கங்காணிகள் திரட்டிக் கொண்டுபோனார்கள். வேலைக்கென்று கூட்டிப்போன கூட்டம் அது. அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அங்கே கிடைத்த பட்டப்பெயர் 'கள்ளத்தோணி'. 1948 குடியுரிமைச் சட்டம் லட்சக்கணக்கானவர்களை நாடற்றவர்களாக்கியது. வாயில் புழங்கிய வார்த்தைக்குச் சட்டம் முத்திரை குத்திக் கொடுத்த மாதிரி.

இதையெல்லாம் சொன்னால் இங்கே கைதட்டல் விழும். நாம் அடிபட்ட கதை என்றால் நமக்குப் புல்லரிக்கும். இனி சொல்லப்போவதற்குத் தட்டுவீர்களா, தெரியவில்லை.

2023 மார்ச்சில் இந்த ஊரில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை வெட்டிக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. அத்தனையும் புளுகு. வேறு ஊர்ச் சண்டை, வேறு யாரோ செத்த காட்சி. போலீஸ் மறுத்தது. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே வந்து பார்த்துப் போனது. ஹோலிக்குப் போனவர்கள் பாதி, பயந்து போனவர்கள் பாதி என்று ரயில் நிலையம் நிரம்பி வழிந்தது. பனியன் கம்பெனிகளில் தையல் மிஷின்கள் சும்மா கிடந்தன. பொய்யைப் பரப்பியவர்கள் மேல் வழக்குப் போட்டது சரி. ஆனால் பல மாதம் நம்மோடு வேலை பார்த்தவன் அந்தப் பொய்யை ஒரே ராத்திரியில் ஏன் நம்பினான்? டீக்கடையில் 'வடக்கன்' என்று கூப்பிட்ட தொனி அவன் காதில் இருந்தது. அதுதான் அந்த வீடியோவுக்குச் சாட்சி சொன்னது.

மேடையில் இருப்பவர்களுக்கும் இதில் பங்குண்டு. 2022இல் கோவையில் ஒரு பட்டமளிப்பு விழாவில், இந்தி படித்தால் வேலை கிடைக்கும் என்கிறார்களே, இங்கே பானிபூரி விற்பது யார் என்று ஒரு அமைச்சர் கேட்டார். இந்தித் திணிப்பை நானும் எதிர்ப்பவன்தான், அதில் இம்மியும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் திணிப்பது டெல்லி. தள்ளுவண்டிக்காரன் எதைத் திணித்தான்? இங்கு வருபவர்களில் பலருக்கு இந்தி தாய்மொழியே இல்லை. போஜ்புரி, மைதிலி, ஒடியா, சந்தாலி பேசுகிறவர்கள். இதில் போஜ்புரிக்கு அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணையில் இன்றுவரை இடம் கிடையாது. இந்தியின் நிழலில் சுருங்கிப்போன மொழிக்காரனைப் பிடித்துத்தான் நாம் 'இந்திக்காரன்' என்கிறோம்.

போன மாதம் எனக்குத் தெரிந்த ஒரு லேபர் காண்ட்ராக்டரோடு டீ குடித்துக்கொண்டிருந்தேன். நல்ல மனுஷன், சம்பளத்தை ஒருநாள் தள்ள மாட்டார். யாருக்கோ போன் போட நம்பர் தேடினார். எட்டிப் பார்த்தேன். இந்தி 1, இந்தி 2, இந்தி 3 என்று பதினேழு வரை போனது.

"என்னண்ணா இது?" என்றேன்.

"பேரு வாயிலயே நுழையலீங்க" என்றார்.

அதற்குள் போன் அடித்தது. இந்தி 4. எடுத்து, "சொல்லு தம்பி, சாப்டியா?" என்றார்.