கழிப்பறைக்கு ஒரு குட்டி ஸ்டூல்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, முன்வரிசை மருத்துவப் பெருமக்களே, தலைப்பைக் கேட்டும் எழுந்து போகாத பெரியோர்களே, தாய்மார்களே! இதற்கும் மேடை தந்த செயலாளர் அவர்களுக்குத் தனி வணக்கம்.

நாள்பட்ட மலச்சிக்கலில் மூன்றைப் பேச வந்தேன்: உட்காரும் விதம், நேரம், மருந்து.

“ஆத்திரத்தை அடக்கினாலும் மூத்திரத்தை அடக்காதே” என்பார்கள். மலத்துக்கும் அதுவே சட்டம். அடக்க அடக்கப் பெருங்குடல் நீரை உறிஞ்சும், மலம் இறுகும். அடக்காமல் போய் உட்கார்ந்தும் வரவில்லையா? உட்கார்ந்த விதமே அடக்குகிறது! மலக்குடலின் அடியைப் புபோரெக்டாலிஸ் என்ற தசை பின்னாலிருந்து சுற்றி முன்பக்கம் இழுத்து வளைத்திருக்கிறது. வெஸ்டர்ன் டாய்லெட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தால் அந்த வளைவு முழுதாக நிமிராது. குந்தினால் நிமிரும்.

2003-இல் இஸ்ரேல் மருத்துவர் டோவ் சிகிரோவின் ஆய்வு வெளியானது. 28 பேர், கையில் நேரம் பார்க்கும் கருவி. 41-42 செ.மீ. உயர இருக்கையில் 6 தடவை, 31-32 செ.மீ. தாழ்ந்த இருக்கையில் 6 தடவை, குந்தி 6 தடவை. பெருக்கிப் பாருங்கள், 504 தடவை! அத்தனையும் நொடிக் கணக்கில் குறிக்க வேண்டும். கூடவே, எவ்வளவு முக்கினேன் என்றும் எழுத வேண்டும். இதற்கும் 28 பேர் சம்மதித்தார்களே, அறிவியலுக்கு இதைவிடத் தொண்டு உண்டா? வயிறு நிறைவாகக் காலியானது என்று தோன்றச் சராசரியாக 130 நொடி, 114 நொடி, குந்தியபோது 51. ஆனால் அவர்கள் மலச்சிக்கல் இல்லாதவர்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

எல்லோராலும் குந்த முடியாது. அதனால்தான் பொதுக் கழிப்பறை, மருத்துவமனை, முதியோர் இல்லம் எங்கும் உட்கார்ந்தபடி கால் வைக்க ஒரு ஸ்டூல் கேட்கிறேன். பாதம் முழுதும் அதில் பதியட்டும். நுனிக்காலை மட்டும் ஊன்றினால் தொடை இறுகும். முழங்கால் இடுப்புக்கு மேலே வரட்டும். முழங்கைகளைத் தொடையில் ஊன்றி முன்னால் சாயுங்கள். எதை அடக்கினாலும் அங்கே மூச்சை அடக்காதீர்கள்! வாயைத் திறந்து மூச்சுவிட்டபடி வயிற்றை முன்னே தள்ளுங்கள். பத்து நிமிடத்தில் வராவிட்டால் எழுந்துவிடுங்கள். முக்கினால் மூலம்தான் மிச்சம். பீங்கான்மேல் ஏறிக் குந்தவே கூடாது, உடைந்தால் ஆழமாக வெட்டும். இடுப்பு மூட்டு மாற்றியவர்கள் முதலில் மருத்துவரைக் கேளுங்கள். சிலருக்கு முக்கும்போது தசை தளராமல் இறுகும். அவர்களுக்கு ஸ்டூல் மட்டும் போதாது, தசையின் இறுக்கத்தைக் கருவியில் பார்த்துப் பார்த்துத் தளர்த்தப் பழகும் பயோஃபீட்பேக் பயிற்சி வேண்டும். ரத்தம் வந்தாலோ எடை குறைந்தாலோ ஸ்டூலை நம்பிக் காத்திருக்காதீர்கள்.

தலைவர் மணியடித்துவிட்டார், மருந்து அடுத்த கூட்டத்துக்கு. தீர்மானத்தில் ஸ்டூலின் அளவையும் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா: உயரம் 18 முதல் 23 செ.மீ., வழுக்காதபடி அடியில் ரப்பர்.