கட்டாத வரிக்கு இரண்டாவது முறை என்று பெயரா?

நடுவர் ஐயா அவர்களுக்கும், ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் பாலம் தாண்டி பினாங்குத் தீவுக்கு வந்து இந்த மண்டபத்தை நிறைத்திருக்கும் உங்கள் எல்லாருக்கும் வணக்கம். பெரும் பணக்காரர்கள் இறந்த பிறகு அவர்களின் சொத்துக்கு விழும் மரபுரிமை வரியை ஒழிப்பது நியாயம்தான் என்று எதிரணித் தலைவர் இருபது நிமிடம் பேசினார். நியாயமே இல்லை என்று சொல்ல நான் வந்திருக்கிறேன்.

இந்த வரிக்கு இங்கே இருந்த பெயர் 'எஸ்டேட் டூட்டி'. அதை முதல்முறை கேட்டபோது எனக்கு அம்மாதான் நினைவுக்கு வந்தார். எங்களுக்கு எஸ்டேட் என்றால் தோட்டம். டூட்டி என்றால் விடியுமுன் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் மரத்தில் பால்வெட்டப் போவது. செபராங் பிறைப் பக்கம் ஒரு குடும்பத்துக்குச் சொந்தமான தோட்டம் அது. பெரியவர் இறந்தார், நிலம் பிள்ளைகள் கைக்கு வந்தது, சில ஆண்டுகளில் வீடு கட்டுகிறவர்களுக்கு விற்றார்கள், நாங்கள் லயத்தைக் காலி செய்தோம். அப்பா வாங்கிய மாடும் போனது, அம்மா வைத்த முருங்கையும் போனது. அந்தப் பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் இல்லை, சட்டம் விட்டபடி நடந்துகொண்டார்கள். என் கேள்வி அந்தச் சட்டத்தின் மேல்.

நம் மலேசியாவில் 1941ஆம் ஆண்டுச் சட்டப்படி எஸ்டேட் டூட்டி இருந்தது, 1991 நவம்பர் 1 முதல் எடுத்துவிட்டார்கள். எடுக்கும்போது அது எவ்வளவு கொடுமையான வரியாக இருந்தது என்று பார்ப்போமா? முதல் 20 லட்சம் வெள்ளிக்கு, அதாவது ரிங்கிட்டுக்கு, ஒன்றும் கிடையாது. அதற்கு மேல் 40 லட்சம் வரை 5 விழுக்காடு, அதையும் தாண்டினால் 10 விழுக்காடு. அப்படியென்றால் ஒரு கோடி வெள்ளி விட்டுச்சென்றவரின் பிள்ளைகள் கட்ட வேண்டியது 7 லட்சம், கையில் நிற்பது 93 லட்சம். 1991இல் 93 லட்சம் வெள்ளி! இதனால் ஒரு குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துவிடும் என்றால் நான் நம்பமாட்டேன்.

எதிரணித் தலைவர் மூன்று முறை சொன்ன வாதத்துக்கு வருகிறேன். "ஏற்கெனவே வரி கட்டிய பணம், செத்த பிறகு இன்னொரு முறை வரி கேட்பது பிணத்தின் மேல் காசு பொறுக்குவது" என்றார், நீங்களும் கை தட்டினீர்கள். கேட்க உருக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஏற்கெனவே கட்டியது எங்கே, யார் கட்டினார்கள்? சம்பளம் வாங்குகிறவன் கட்டுகிறான், அவன் கைக்கு வருமுன்பே பிடித்துவிடுகிறார்கள். பெரிய சொத்து என்பது சேர்த்துவைத்த சம்பளம் இல்லை ஐயா, விலை ஏறிய நிலமும் விலை ஏறிய பங்கும்தான். முப்பது ஆண்டுக்கு முன் வாங்கிய நிலம் இருபது மடங்கு ஏறினாலும், விற்காமல் வைத்திருக்கும்வரை அந்த உயர்வுக்கு வரி இல்லை. இறந்து பிள்ளைக்குப் போகும்போதும் இல்லை. ஐந்து ஆண்டுக்கு மேல் வைத்திருந்துவிட்டு விற்றால்கூட, 2022 முதல் குடிமக்களுக்கு நில ஆதாய வரி கிடையாது. பங்குச் சந்தையில் பங்கு ஏறியதற்கும் தனிநபருக்கு வரி இல்லை. இரண்டாவது முறை என்கிறார்களே, முதல் முறையே வரவில்லையே!

அமெரிக்காவிலும் கதை இதுதான், அங்கே இன்னும் வெளிப்படையாக நடக்கிறது. அப்பா 10 லட்சம் டாலருக்கு வாங்கிய பங்கு அவர் இறக்கும் நாளில் ஒரு கோடி என்றால், மகன் அதை ஒரு கோடிக்கே வாங்கியதாக வருமான வரிச் சட்டம் எடுத்துக்கொள்கிறது, நடுவில் ஏறிய 90 லட்சம் வருமான வரிக் கணக்கிலிருந்து மறைந்துவிடுகிறது. 10 கோடி டாலருக்கு மேற்பட்ட சொத்துகளில் பாதிக்கு மேல் இப்படி வரியே காணாத உயர்வுதான் என்று அந்நாட்டு மத்திய வங்கியின் தரவை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். 1916 முதல் அங்கே இருக்கும் மரபுரிமை வரி ஒன்றுதான் இதைப் பிடிக்கிறது, அதையும் எடுத்துவிட வேண்டும் என்பதுதான் எதிரணியின் கட்சி.

விவசாயியின் நிலம் வரிக்காக ஏலம் போகும் என்று எதிரணிச் சகோதரி கண் கலங்கினார். அம்மா, அமெரிக்காவில் 2026 முதல் ஒருவருக்கு ஒன்றரைக் கோடி டாலர் வரை வரியே இல்லை, கணவன் மனைவி என்றால் மூன்று கோடி. ஆயிரம் பேர் இறந்தால் இந்த வரி கட்டுகிறவர் இரண்டு பேர்கூட வரமாட்டார்கள். பண்ணையே பெரும் சொத்தாக இருக்கும் குடும்பம் பதினான்கு ஆண்டு வரை தவணையில் கட்டலாம். நமக்கு வீட்டுக் கடனில் இரண்டு தவணை தவறினாலே கடிதம் வந்துவிடுகிறது.

சரி, அவர்களின் வலுவான வாதம் ஒன்று இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. ஹாங்காங் இந்த வரியை 2006இல் எடுத்தது, சிங்கப்பூர் 2008இல் எடுத்தது, நாம் மட்டும் மறுபடி போட்டால் பணம் தெற்கே சிங்கப்பூருக்குப் பறந்துவிடும் என்றார்கள். ரொக்கம் பறக்கும், ஒப்புக்கொள்கிறேன். இந்தத் தீவின் நிலம் பறக்காது, கெடாவில் இருக்கும் செம்பனைத் தோட்டம் பறக்காது. வரியை அங்கே வையுங்கள். இந்தியாவையும் இழுத்தார்கள், 1953இல் கொண்டுவந்து, 85 விழுக்காடு வரை ஏற்றி, வசூலிக்கும் செலவுக்குக்கூடக் கட்டுப்படியாகவில்லை என்று 1985இல் எடுத்தார்கள், உண்மை. 85 விழுக்காடு தவறு என்று நானும்தான் சொல்கிறேன், அதற்கு மருந்து விகிதத்தைக் குறைப்பது. கொரியாவில் சாம்சங் குடும்பம் 2020இல் தலைவர் இறந்த பிறகு 12 டிரில்லியன் வொன்னுக்கு மேல் வரி என்று அறிவித்து, ஐந்து ஆண்டுத் தவணையில் கட்ட ஒப்புக்கொண்டது. சாம்சங் மூடிவிடவில்லை, உங்களில் பாதிப் பேர் கையில் அந்தத் தொலைபேசிதான் இருக்கிறது.

அரசாங்கத்துக்குக் காசு வேண்டாமா? வேண்டும், யாரிடமாவது வாங்கத்தான் போகிறது. 2024இல் சேவை வரி 6லிருந்து 8 விழுக்காடு ஆனது, 2025 ஜூலையில் இன்னும் பல சேவைகளுக்கு விரிந்தது. மேலே எடுத்தால் கீழே ஏறும், எங்கள் அம்மா போன்றவர்கள் வாங்கும் பொருளில் போய் உட்காரும். அவர் விட்டுச்சென்றது சேமநிதியில் கொஞ்சம், ஒரு ஜோடி கம்மல். 50 லட்சம் வெள்ளிக்கு மேல் என்று வரம்பு வையுங்கள், குடியிருக்கும் வீட்டை விட்டுவிடுங்கள், பழைய 5 விழுக்காடே போதும், அதற்குமேல் என் அணி ஒன்றும் கேட்கவில்லை.

நடுவர் மணியைத் தொடுகிறார், முடித்துக்கொள்கிறேன். அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் வேறு எதுவும் சொல்ல வேண்டாம், எங்கள் தோட்டம் ரப்பர்க்காடாக இருந்த நாளிலிருந்து வீட்டுமனையாக விற்ற நாள் வரை ஏறிய விலைக்குப் பெரியவர் எந்த ஆண்டில் முதல்முறை வரி கட்டினார் என்பதை மட்டும் இந்த மேடையில் சொல்லட்டும்.