மாதிரிப் படகுக்குப் புரொப்பெல்லரைத் தேர்ந்தெடுப்பது எப்படி

வணக்கம் நண்பர்களே. இன்று என் மேசையில் இரண்டு படகுகள் இருக்கின்றன. இடப்பக்கம் இருப்பது 80 செ.மீ. நீளமுள்ள இழுவைப் படகு, 1:25 அளவில் செய்தது. வலப்பக்கம் இருப்பது ஏறத்தாழ அதே நீளமுள்ள பந்தயப் படகு. இரண்டிலும் மோட்டாரும், அதன் சுழற்சியைப் புரொப்பெல்லருக்குக் கொண்டுசெல்லும் தண்டான ஷாஃப்டும் பொருத்தியாகிவிட்டன. புரொப்பெல்லர் மட்டும் இன்னும் போடவில்லை. “என்னிடம் இன்ன மோட்டார் இருக்கிறது, எந்தப் புரொப்பெல்லரை வாங்குவது?” என்று உங்களில் பலர் என்னிடம் கேட்கிறீர்கள். படகின் உடல் எப்படிப்பட்டது, அது தண்ணீரில் எவ்வளவு வேகமாகப் போக வேண்டும் என்பதை முடிவு செய்யாமல் அந்தக் கேள்விக்கு யாராலும் சரியான பதில் சொல்ல முடியாது என்பதே என் உறுதியான கருத்து.

முதலில் இழுவைப் படகை எடுத்துக்கொள்வோம். தண்ணீரை விலக்கிக்கொண்டு மிதந்து செல்லும் இத்தகைய உடலுக்கு, அதன் நீளத்தால் வரும் ஒரு வேக வரம்பு உண்டு. நீர்மட்டத்தில் உள்ள நீளத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.5ஆல் பெருக்கினால், மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற கணக்கில் அந்த வரம்பு கிடைத்துவிடும். 80 செ.மீ. படகுக்கு அது ஏறத்தாழ 4 கி.மீ. அதற்கு மேல் எவ்வளவு சக்தியைக் கொடுத்தாலும் படகு தானே எழுப்பிய அலையின் மீது ஏற முயன்று, பின்புறம் அமிழ்ந்து, அணியம், அதாவது முன்புறம், மேலே தூக்கிக்கொண்டு நிற்குமே தவிர வேகம் கூடாது. உண்மைப் படகைப் போலவே ஓட வேண்டும் என்று விரும்புகிறவர்களுக்கு கப்பல் பொறியாளர் வில்லியம் ஃப்ரூட் வகுத்த விதி கைகொடுக்கும். 1:25 அளவு மாதிரியின் வேகம், உண்மைப் படகின் வேகத்தை 25இன் வர்க்கமூலமான 5ஆல் வகுத்த அளவாக இருக்க வேண்டும். உண்மைப் படகு மணிக்கு 18 கி.மீ. ஓடினால் நம் மாதிரி 3.6 கி.மீ. ஓடினால் போதும். அதாவது வினாடிக்கு 1 மீட்டர், நாம் நிதானமாக நடக்கும் வேகம்தான்.

இப்போது இதைக் கேமராவுக்கு அருகில் கொண்டுவருகிறேன். இது 55 மி.மீ. விட்டமுள்ள, நான்கு இறக்கைப் பித்தளைப் புரொப்பெல்லர். இறக்கை தட்டையாக இல்லாமல் முறுக்கியிருப்பதைப் பாருங்கள். மையக் குமிழுக்கு அருகில் செங்குத்தாக நிற்கும் அதே இறக்கை, நுனிக்குப் போகப் போகப் படுத்துக்கொள்கிறது. நுனி ஒரு சுற்றில் அதிக தூரம் பயணிப்பதால், எல்லாப் பகுதியும் சேர்ந்து ஒரே அளவு முன்னேற வேண்டுமானால் கோணம் இப்படி மாறித்தான் ஆக வேண்டும். இது கெட்டியான பொருளுக்குள் திருகாணியைப் போல இறங்கினால் ஒரு சுற்றுக்கு எவ்வளவு தூரம் முன்னேறுமோ அதுவே பிட்ச். இயற்பியல் புத்தகத்தில் புரியிடைத் தூரம் என்று படித்திருப்பீர்கள். இதற்கு அது 45 மி.மீ. வினாடிக்கு 1 மீட்டர் என்றால் நிமிடத்துக்கு 60 மீட்டர். அதை 45 மி.மீ.யால் வகுத்தால் 1,333 சுற்று வருகிறது. ஆனால் தண்ணீர் கெட்டியான பொருள் அல்ல, புரொப்பெல்லர் அதில் வழுக்கத்தான் செய்யும். இத்தகைய கனமான படகில் மூன்றில் ஒரு பங்கு வழுக்கலில் போய்விடும் என்று வைத்துக்கொண்டால், நிமிடத்துக்கு 2,000 சுற்று தேவை. ஆக, இந்தப் படகுக்கு மெதுவாகச் சுழன்று, பெரிய புரொப்பெல்லரைத் திருப்பும் மோட்டார்தான் பொருத்தம். படகிலிருந்து தொடங்கினோம், மோட்டார் எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும் என்பதும் அதிலிருந்தே கிடைத்துவிட்டது.

அடுத்து வருவது விட்டம். இன்றைய பேச்சில் நீங்கள் மிகவும் கவனமாகக் கேட்க வேண்டிய பகுதி இதுதான். ஒரே வடிவமுள்ள இரண்டு புரொப்பெல்லர்களை ஒரே வேகத்தில் சுழற்றினால், அவை விழுங்கும் சக்தி விட்டத்தின் ஐந்தாம் அடுக்கைப் பொறுத்து உயர்கிறது. 35 மி.மீ.க்கும் 40 மி.மீ.க்கும் உள்ள வித்தியாசம் கையில் வைத்துப் பார்த்தால் சாதாரணமாகத்தான் தெரியும். ஆனால் 40ஐ 35ஆல் வகுத்து ஐந்தாம் அடுக்குக்கு உயர்த்திப் பாருங்கள், 1.95 வருகிறது. வெறும் 5 மி.மீ. கூட்டியதற்கு ஏறத்தாழ இரு மடங்கு சுமை! இந்தக் கணக்கு தெரியாத காலத்தில், என் ரோந்துப் படகில் 540 என்ற அளவுள்ள மோட்டாருடன் 35 மி.மீ. புரொப்பெல்லர் அருமையாக ஓடிக்கொண்டிருந்தபோது, இன்னும் கொஞ்சம் வேகம் கிடைக்கும் என்று நம்பி 40 மி.மீ.யை மாட்டினேன். படகு முன்பைவிட மந்தமாகப் போனது. நான்காவது நிமிடத்தில் குளத்தின் நடுவே நின்றது. கரைக்கு இழுத்து மூடியைத் திறந்தபோது மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்பீட் கன்ட்ரோலரின் உறை உருகி, எரிந்த பிளாஸ்டிக் நாற்றம் அடித்தது. பிறகு வாட் மீட்டரை இணைத்து அளந்தேன். மோட்டாரின் சுழற்சி குறைந்துபோன நிலையிலும் மின்னோட்டம் 12 ஆம்பியரிலிருந்து 19 ஆம்பியருக்கு ஏறியிருந்தது. அந்தக் கன்ட்ரோலர் தாங்கக்கூடியதோ 15 ஆம்பியர் மட்டுமே. கியரோ பெல்ட்டோ இல்லாமல் நேரடியாக இணைத்த வேகமான பிரஷ் மோட்டாருக்கு, மோட்டார் உருளையின் விட்டத்தைத் தாண்டாத புரொப்பெல்லரிலிருந்து தொடங்குவது நல்லது என்று அனுபவசாலிகள் சொல்வதில் எவ்வளவு நியாயம் இருக்கிறது என்பது அன்று எனக்குப் புரிந்தது. 540 மோட்டாரின் உருளை ஏறத்தாழ 36 மி.மீ.தான்.

பந்தயப் படகின் கணக்கு முற்றிலும் வேறு. இது தண்ணீரை விலக்கிச் செல்வதில்லை, அதன் மீது சறுக்கி ஓடுகிறது. புரொப்பெல்லரின் கீழ்ப்பாதி மட்டுமே நீருக்குள் இருக்கும், மேல்பாதி காற்றில் சுழலும். இதற்கு இரண்டு இறக்கை, உயர்ந்த பிட்ச், சிறிய விட்டம். ஆக்டுரா நிறுவனத்தின் புரொப்பெல்லர்களில் உள்ள எண்களைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். எக்ஸ்440 என்றால் 40 என்பது மி.மீ.யில் விட்டம், முன்னால் உள்ள 4 என்பது பிட்ச் விட்டத்தைப் போல 1.4 மடங்கு என்பதைக் குறிக்கும். ஆக, பிட்ச் 56 மி.மீ. நிமிடத்துக்கு 20,000 சுற்று சுழன்றால் வழுக்கல் நீங்கலாக மணிக்கு 67 கி.மீ. என்று காகிதத்தில் வருகிறது. நீரில் அதைவிடக் குறைவாகவே கிடைக்கும்.

அதிவேகத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. இறக்கையின் முதுகில் அழுத்தம் மிகவும் குறைந்து, அங்கே நீரே ஆவிக் குமிழ்களாக மாறிவிடுவதைக் கேவிட்டேஷன் என்கிறோம். நீராவி டர்பைனை உருவாக்கிய பொறியாளர் சார்லஸ் பார்சன்ஸ் 1894இல் கட்டிய டர்பினியா கப்பல், ஒரே ஒரு ஷாஃப்டோடு இருந்தவரை, டர்பைனில் இருந்த சக்திக்கு ஏற்ற வேகத்தைக் காட்டவே இல்லை. பிறகு 3 ஷாஃப்டுகளும் ஒவ்வொன்றிலும் 3 புரொப்பெல்லர்களுமாக மாற்றி, சுமையை 9ஆகப் பகிர்ந்த பிறகுதான் அது மணிக்கு 34 கடல் மைலை எட்டியது. சக்தி போதாது என்று நமக்குத் தோன்றும் பல இடங்களில் உண்மையில் போதாமல் இருப்பது இறக்கையின் பரப்புதான்.

பொருளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நைலான் தொடக்கத்துக்குப் போதும், ஆனால் அதிக வேகத்தில் வளையும். பித்தளை நெடுநாள் உழைக்கும். பெரிலியம் கலந்த செம்பாலான புரொப்பெல்லரை முகமூடியும் தண்ணீரும் இல்லாமல் அரத்தால் ராவவே ராவாதீர்கள். அதன் தூசி நுரையீரலுக்குப் பெரும் கேடு. சுழலும் திசையையும் பார்த்து வாங்குங்கள். பின்புறமிருந்து பார்க்கும்போது கடிகாரத் திசையில் சுழன்று படகை முன்னே தள்ளுவது வலக்கைப் புரொப்பெல்லர். மரையில் திருகி மாட்டும் வகை எதுவானாலும் முன்னோக்கியோ பின்னோக்கியோ ஓடும்போது, ஏதாவது ஒரு திசையில் கழன்றுகொள்ளத்தான் பார்க்கும். பூட்டு நட் இல்லாமல் நீரில் இறக்க வேண்டாம்.

இப்போது இந்த 55 மி.மீ. புரொப்பெல்லரை இழுவைப் படகில் மாட்டுகிறேன். இறக்கை நுனிக்கும் படகின் அடிப்பகுதிக்கும் நடுவே என் சுண்டுவிரல் நுனி நுழைகிறது, 7 மி.மீ. இருக்கும். விட்டத்தில் பத்தில் ஒரு பங்காவது இடைவெளி வேண்டும். அதற்குக் குறைந்தால் ஒவ்வொரு இறக்கையும் கடக்கும்போது உடல் அதிர்ந்து உறுமும். தொட்டியில் வைத்துப் படகைக் கயிற்றால் கட்டி, முழு வேகம் கொடுக்கிறேன். மீட்டரைப் பாருங்கள், 1.4 ஆம்பியர். கட்டி வைத்த நிலையில்தான் முழுதும் நீரில் மூழ்கிய புரொப்பெல்லருக்குச் சுமை அதிகம் என்பதால், குளத்தில் இதைவிடக் குறையும். பந்தயப் படகை இப்படித் தொட்டியில் சோதிப்பதில் பயனில்லை, அது ஓடும்போதுதான் புரொப்பெல்லர் பாதி வெளியே வரும். அதற்கு நினைத்ததைவிட இரண்டு அளவு சிறியதைப் போட்டு, ஒரு நிமிடம் மட்டும் ஓட்டிக் கரைக்குக் கொண்டுவந்து, மோட்டாரையும் கன்ட்ரோலரையும் பேட்டரியையும் விரலால் தொட்டுப் பார்ப்பேன். விரலை வைத்திருக்க முடிந்தால் அடுத்த அளவு. முடியாவிட்டால் அன்றைக்கு அந்தச் சிறிய புரொப்பெல்லரே இருக்கட்டும்.